இரண்டு வாட்

மோகன்குமாருக்கு வீண் என்றால் ஆகாது. பக்கத்து அறையில் ஆளில்லாமல் ஃபேன் சுற்றினால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கையோடு எழுந்து போய் நிறுத்திவிட்டு வந்துதான் அடுத்த வாய் வைப்பான். ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். காற்றுக் குழாய்களில் சோப்பு நுரையைத் தடவி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைக் கண்டுபிடித்து அடைத்து, கம்ப்ரஸர் தின்கிற கரண்டைக் குறைத்தான் என்று மேடையேற்றி ஒரு கேடயம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஆளைப் பிடிக்க முடியவில்லை. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான்.

சிக்கனமாக இருப்பது ஒரு குற்றமில்லை. ஆனால் எதில் சிக்கனம், எதில் கூடாது என்று ஒரு கேள்வி இருக்கிறதல்லவா, அதை மட்டும் அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதேயில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவன் மனைவி சத்யப்ரியாவுக்குக் காவேரிப்பட்டினம். ஓசூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளராக இருந்தாள். அவளுக்கு ஒரே தம்பி, அன்புமணி. கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, முகூர்த்த நாட்களில் முனிவேல் என்கிற நண்பனோடு கல்யாண வீடியோ எடுக்கப் போவான். கேமரா பிடித்த கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. தோப்பில் மாங்காய் இறக்குவதை எடுப்பான், அம்மா முறத்தில் அரிசி புடைப்பதை எடுப்பான், அக்கா தலை வாருவதை எடுத்துத் திட்டு வாங்குவான். எடுத்துக்கொண்டே ஓயாமல் பேசுவான். 2008 ஆனி மாதம், சூளகிரி தாண்டி அவனுடைய பைக்கின் மேல் ஒரு லாரி ஏறியது. இருபத்தாறு வயது.

காரியமெல்லாம் முடிந்தபின் முனிவேல் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே பதினொரு கேசட், கேமராவில் போடுகிற சின்ன வகை.

"எல்லாம் வீட்டுல எடுத்ததுங்க," என்றான். "ஒண்ணுலயும் அவன் தெரிய மாட்டான். கேமரா புடிச்சிருக்கறவன் எப்படித் தெரிவான்? ஆனா பேசிக்கிட்டே இருப்பான்."

அன்புமணியின் அம்மா மாதம்மாள் அந்தப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். போட்டுக் காட்டட்டுமா என்று முனிவேல் கேட்டான். வேண்டாம் என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பையை மருமகனிடம் நீட்டினார்.

"இப்ப என்னால முடியாது மாப்ள. வருசம் திரும்பட்டும். தெவசம் குடுத்துட்டு மக்யா நாளு உங்க ஊட்டுக்கு வந்து உக்காந்து, அவன் பேசறத ஒரு நாள் பூரா கேக்கறன். அதுவரைக்கும் பத்திரமா வெச்சிருங்க. மிசினெல்லாம் தெரிஞ்சவரு நீங்கதான்."

"நான் பாத்துக்கிடுதேன் அத்தே," என்றான் மோகன்குமார். விருதுநகர்க்காரன். கண் கலங்கித்தான் சொன்னான். அவன் கெட்டவன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஓசூர்க் குளிருக்குக் கேசட்டில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அவனுக்குத் தெரியும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். ஆனால் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரு கேசட்டை ஏற்றினாலே இடம் நிறைந்துவிடும். அதோடு அது விமானம் போல இரைந்து நூறு வாட்டுக்கு மேல் தின்னும். அது கரண்ட் கட் காலம். அறிவித்த நேரம் போக அறிவிக்காமலும் கரண்ட் போகும், இன்வெர்ட்டரை நம்பித்தான் வீடு நடக்கும். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. சின்னதாக ஒரு பெட்டி. இரவும் பகலும் அணையாமல் ஒரு மூலையில் கிடக்கும். குடும்பத்துப் படம், பாட்டு, வீடியோ அத்தனையும் அதற்குள். டிவியில் எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். சர்வர் என்று அதற்குப் பேர். எவ்வளவு குறைந்த கரண்டில் ஓடுகிறதோ அவ்வளவு நேரம் இன்வெர்ட்டரில் தாங்கும்.

நல்ல யோசனைதான். ஒரு வாரத்தில் முடித்திருக்கலாம். கையில் கேடயம் வேறு இருக்கிறதே, ஒரு வாரத்தில் முடிக்க விடுமா?

முதலில் பழைய கம்ப்யூட்டரை அளந்தான். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஈபி மீட்டருக்கு முன்னால் நின்று, உள்ளே சுற்றுகிற தட்டு எத்தனை நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறதென்று பார்த்தான். சத்யப்ரியா கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும். மாடியிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர் ராமப்பன், மீட்டர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்த குடித்தனக்காரரைப் பார்த்துப் பயந்துபோனார்.

"ஏன் சார், மீட்டர்ல ஏதாச்சும் பண்றீங்களா? அப்புறம் ஈபி ஸ்குவாட் வந்தா நம்ம தலைக்குத்தான் சார் வரும்."

கம்பெனியிலிருந்து அளக்கிற கருவியையே கொண்டுவந்து காட்டிய பிறகுதான் ராமப்பனுக்கு உயிர் வந்தது.

அடுத்து பெட்டிக்குள் வைக்க எந்த போர்டு என்று ஆரம்பித்தான். திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று சகாயமாகக் கிடைத்தது. கரண்ட் போனாலும் அதன் பேட்டரியில் ஓடும், முப்பது வாட்டுக்குள் அடங்கும். அதையே வாங்கியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் ஆட்டம் என்று ஒரு சின்ன பிராசஸர் வந்திருந்தது. நாலே வாட் என்று போட்டிருந்தார்கள். அதைப் பற்றிப் படிக்கப் போனால், பிராசஸர்தான் நாலு வாட், பக்கத்தில் இருக்கிற சிப்செட் இருபது வாட் தின்னும் என்று தெரிந்தது. மாப்பிள்ளைக்குக் கால் படி, மாப்பிள்ளைத் தோழனுக்கு முக்கால் படி. இன்னொரு கம்பெனி போர்டு இதைவிடக் குறைவு, ஆனால் வேகம் போதாது. இரண்டு கோர் உள்ளது அடுத்த மாதம் வரும் என்றார்கள், காத்திருந்தான். வந்தது, அது இன்னும் நாலு வாட் கூட. பவர் சப்ளையிலேயே கால்வாசி கரண்ட் சூடாகிப் போகிறது என்று தெரிந்ததும் அதற்கு ஒரு மாதம் தேடினான்.

சனிக்கிழமைகளில் பஸ் ஏறிப் பெங்களூர் எஸ்.பி. ரோடு போவான். அங்கே ஒரு கடைக்காரருக்கு இவனைத் தூரத்தில் பார்த்தாலே சிரிப்பு வந்துவிடும். "ஒந்து வார பிட்டு பன்னி சார்" என்பார், ஒரு வாரம் விட்டு வரச் சொல்லி. ஒரு வாரம் விட்டுப் போனால் இவனே மனம் மாறியிருப்பான்.

தீபாவளி போயிற்று. கார்த்திகை தீபம் போயிற்று. கேசட் பை பரணில் கிடந்தது.

"வருசம் திரும்பறதுக்குள்ளயாவது முடிச்சிடுவீங்களா?" என்று சத்யப்ரியா கேட்டாள்.

"அவசரத்துல வாங்கிட்டுப் பொறவு வருத்தப்படக் கூடாதுல்ல?" என்றான்.

தை பிறந்த பிறகு ஒருவழியாக போர்டு முடிவானது. படங்களையெல்லாம் எழுதி வைக்கிற டிஸ்க்குக்கு, லேப்டாப்பில் போடுகிற சின்ன டிஸ்க். பெரிய டிஸ்க் எட்டு வாட் என்றால் இது இரண்டே வாட். அதைச் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண்ணுக்கு வரன் அமைந்த அப்பனைப் போல இருந்தது.

"ரெண்டு டிஸ்க் போடுங்க," என்றாள் சத்யப்ரியா. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டும். பள்ளிக்கூடத்துல மார்க்கு எல்லாமே ரெண்டு எடத்துல வெச்சிருப்பாங்க."

"ரெண்டாவது டிஸ்க்கு இருபத்திநாலு மணி நேரமும் சும்மா ரெண்டு வாட் திங்கும்."

"பூஜை ரூம்ல எரியற ஜீரோ வாட் பல்பு எவ்ளோ?"

அவனுக்குத் தெரியும். பேர்தான் ஜீரோ, தின்பது பதினைந்து வாட். அதை எல்இடியாக மாற்றுவதாக இருக்கிறேன் என்றான். பிறகு, கம்பெனியில் புது ஆட்களுக்கு வகுப்பு எடுக்கிற குரலில் விளக்கினான். ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருந்தால் அதுதான் முதல் வீண். ஸ்டாக் என்பதே பணத்தைத் தூங்கப் போடுவது. ஜப்பான்காரன் அப்படித்தான் முன்னுக்கு வந்தான். சத்யப்ரியா கேட்டுக்கொண்டாள். ஜப்பான்காரன் வீட்டில் செத்தவன் பேச்சை எப்படி வைத்துக்கொள்கிறான் என்று கேட்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

முனிவேலிடம் சும்மா கிடந்த பழைய கேமராவை இரவல் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கேசட்டுகளை ஏற்றினான். அந்த வகைக் கேசட்டை அவசரமாகக் காப்பி எடுக்க முடியாது. ஒரு மணி நேரக் கேசட் ஒரு மணி நேரம் ஓடித்தான் ஆக வேண்டும். பழைய கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, முடிந்ததும் புதுப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, பழையதில் அழித்து அடுத்ததற்கு இடம் பண்ணுவான்.

முதல் கேசட் ஓட ஆரம்பித்ததும் சமையலறையில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தான். சத்யப்ரியா மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சத்தத்த நிறுத்திடுங்க. நான் அம்மாகூட உக்காந்து கேட்டுக்கறன். இப்ப வேண்டாம்."

நிறுத்திவிட்டான். மேசை மேல் இயர்போன் கிடந்தது. எடுத்துக் காதில் மாட்டியிருக்கலாம். மச்சான் என்ன பேசியிருக்கிறான் என்று கேட்க அவனுக்கும் ஆசை இல்லாமலில்லை. ஆனால் அந்த நேரத்தில் புதுப் பெட்டி எவ்வளவு இழுக்கிறது என்று கருவியில் பார்ப்பதும், இன்னும் எதை அணைத்தால் அரை வாட் குறையும் என்று படிப்பதும் அவனுக்குப் பெரிதாக இருந்தது. அப்புறம் ஆற அமரக் கேட்டுக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறது என்றிருந்தான். பதினொரு கேசட்டும் அவன் முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஓடி முடிந்தன. ஒவ்வொன்றிலும் நடுவில் நாலு இடம் தட்டிப் பார்த்தான். படம் சரியாக இருந்தது.

இனி இருப்பது கேசட் பை. கம்பெனியில் இடத்தை ஒழுங்குபடுத்துகிற 5எஸ் குழுவுக்கு அவன்தான் தலைவன். வேண்டாத பொருளைக் கண்டால் சிவப்பு டேக் ஒட்ட வேண்டும். ஒரு மாதம் ஓரமாக வைக்க வேண்டும். அதற்குள் யாரும் எனக்கு வேண்டுமென்று கேட்கவில்லையென்றால் வெளியேற்றிவிட வேண்டும். அந்த முறையில் பழைய ஜிக், துருப்பிடித்த ட்ராலி என்று ஷெட் ஷெட்டாகக் காலி செய்தவன். வீட்டிலும் அந்தப் பங்குனியில் சிவப்பு ஸ்டிக்கரோடு கிளம்பினான். ஓட்டை வாளிக்கு ஒன்று, உடைந்த சைக்கிள் பம்புக்கு ஒன்று, கேசட் பைக்கு ஒன்று.

சத்யப்ரியா பரண் துடைக்கும்போது அந்தப் பையைப் பார்த்தாள். அவள் வேலை செய்கிற லேபில் ஆசிட் பாட்டிலுக்கும், உடையக்கூடிய சாமானுக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சிவப்பென்றால் யாரும் கை வைக்காதே என்று அர்த்தம். அவர் இவ்வளவு அக்கறையாக ஒட்டி வைத்திருக்கிறாரே என்று அவளுக்கு உள்ளூர ஒரு நிறைவு. பையை எடுத்துத் தூசி தட்டி, அதே இடத்தில் அதே மாதிரி வைத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு மாதம் ஆயிற்று. யாரும் கேட்கவில்லை என்று மோகன்குமார் எடுத்துக்கொண்டான். கேமராவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பையையும் முனிவேலிடம் கொடுத்தான். "காப்பி எடுத்தாச்சு முனிவேல். உங்களுக்காவது உபயோகப்படட்டும், என்னத்துக்குச் சும்மா கிடக்கணும்?" என்றான். வைகாசியில் முகூர்த்தம் நெருக்கி வரும், முனிவேலுக்குக் கேசட் தேவையாகத்தான் இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டான்.

பெட்டி அருமையாக ஓடியது. செருப்பு டப்பா அளவுதான். இருபத்திரண்டு வாட். போதவில்லை அவனுக்கு. டிஸ்க் என்பது உள்ளே ஒரு தட்டைச் சுற்றுகிற மோட்டார்தானே, யாரும் கேட்காத நேரத்தில் அது ஏன் சுற்ற வேண்டும்? அரை நிமிஷம் வேலையில்லை என்றால் நின்றுவிடும்படி வைத்தான். இருபது வாட்டாக இறங்கியது. ஆனால் பெட்டி தன்பாட்டுக்கு அவ்வப்போது எதையோ எழுதிக்கொள்ளும். அதற்காக டிஸ்க் எழுந்து சுற்றும். எழுதி முடித்து அரை நிமிஷத்தில் மறுபடி நிற்கும். நாளெல்லாம் எழுவதும் படுப்பதுமாக அதற்கு வேறு பிழைப்பே இல்லை. அது நிற்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். மோகன்குமார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "தூங்கிருச்சு" என்று சிரிப்பான்.

இதே மோகன்குமார்தான் ஷெட்டில் ஆபரேட்டர் கரியப்பனைப் பிடித்து அந்த மாதமே ஒரு வாங்கு வாங்கியிருந்தான். "மோட்டாரைச் சும்மா சும்மா ஆஃப் பண்ணி ஆன் பண்ணாதய்யா. ஓடுறதுல தேயாது, ஸ்டார்ட் ஆகுறதுலதான் சாகும்." ஊருக்குத்தான் உபதேசம்.

இருபது வாட் சர்வரைப் பற்றிக் கேன்டீனில் பேசினான். இரண்டு பேர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் போட்டுக் காட்டியதும் ஏதோ பாட்டைத்தான். அன்புமணியின் வீடியோவை யாருக்கும் காட்டுவதில்லை, அது அத்தை வந்து பார்க்க வேண்டியது என்றான். அதில் மட்டும் சுத்தமாக இருந்தான்.

வைகாசி நடுவில், நல்ல வெயிலில் ஒரு மத்தியானம், கரண்ட் போய் வந்து போய் வந்தது. பிறகு டிவியில் பெட்டி தெரியவில்லை. மோகன்குமார் கிட்டே போய்க் காதை வைத்தான். டிக், டிக், டிக் என்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் பேரிங் போன மெஷினைக் கேட்டுப் பழகிய காது, அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று அவன் சத்யப்ரியாவிடம் சொல்லவில்லை. இன்டர்நெட்டில் யாரோ எழுதியிருந்தபடி டிஸ்க்கைப் பாலித்தீன் கவரில் சுற்றி ஃப்ரிட்ஜுக்குள் வைத்தான். குளிர்ந்தால் கடைசியாக ஒருமுறை ஓடுமாம். மறுநாள் காலையில் ஐஸ் எடுக்கப் போன சத்யப்ரியா கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"இது என்னாங்க?"

சொன்னான்.

"தம்பி வீடியோ இருக்குதே, அதா?"

"சரி பண்ணிரலாம் ப்ரியா. பெங்களூர்ல இதுக்குன்னே ஆள் இருக்காங்க."

ஆள் இருந்தார்கள். தூசி புகாத அறையில் வைத்துத் திறந்து பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டிய தட்டில், சக்கரம் போட்ட மாதிரி வட்டம் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. சுரண்டிப்போன இடத்தில் எழுத்து எங்கே இருக்கும், ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். மோகன்குமார் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் அங்கே உட்கார்ந்திருந்தான். அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஓசூருக்குள் நுழைகிறவரை, வீட்டில் போய் எப்படிச் சொல்வது என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பில்லை.

சத்யப்ரியா கேட்டுவிட்டு, கொஞ்சம் மூச்சு விட்டாள். "போவட்டும். கேசட் இருக்குதே. மறுபடி ஏத்திக்கலாம்."

அவன் கண் பரணுக்குப் போய்த் திரும்பியது.

"பரண்லதான இருந்தது? செவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பத்திரமா வெச்சிருந்தீங்களே, நான்கூடத் தொடைச்சி வெச்சன்."

"அது வேண்டாததுக்கு ஒட்டுறது ப்ரியா," என்றான். "ஒரு மாசம் பாத்தேன். நீ ஒண்ணும் சொல்லல. முனிவேல்கிட்டக் குடுத்துட்டேன்."

அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. கல்யாணமான இந்த ஆறு வருஷத்தில் ஒருநாளும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

முனிவேலுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. பாவம், அவன் என்ன செய்வான்? "காப்பி எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே சார்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். பதினொன்றையும் தேடி எடுத்து, ஒன்று விடாமல் கடைசிவரை ஓட்டிக் காட்டினான். பழையதை அழித்து மேலே பதிந்தவை: ஒரு காதுகுத்து, ஒரு மஞ்சள் நீராட்டு, போச்சம்பள்ளியில் இரண்டு கல்யாணம், பர்கூரில் ஒரு ரிசப்ஷன். மூலையில் எங்கேயாவது நாலு வார்த்தை தப்பியிருக்காதா என்று மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் மேளச் சத்தம். முனிவேல்தான் முதலில் அழுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சத்யப்ரியா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டன். நீங்கதான் சொல்லணும்."

தெவசத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். போனில் சொல்வதா என்று தள்ளிப்போட்டான். தெவசத்தன்று சொல்வதா என்று தள்ளிப்போட்டான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எந்த நாளில் செய்தால் என்ன? தென்பெண்ணைக் கரையில் பிண்டம் கரைத்துவிட்டு வந்த அன்று மாதம்மாள் எல்லோரோடும் சாதாரணமாகப் பேசினார். சம்பந்திகளை உட்கார வைத்துப் பரிமாறினார். ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இன்னும் ஒரு நாள் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்பது போல இருந்தார்.

சொன்னபடி மறுநாள் காலை ஓசூர் வந்துவிட்டார். கூடை நிறைய மாம்பழம். வந்ததும் குளித்தார். பெட்டியிலிருந்து நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு, டிவிக்கு எதிரே பாயை விரித்து உட்கார்ந்தார். வெளியூரில் இருக்கிற மகனைப் பார்க்கப் போகிற அம்மா அப்படித்தான் கட்டிக்கொள்வார். சத்யப்ரியா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

"போடுங்க மாப்ள."

மோகன்குமார் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். வாயில் வருவதையெல்லாம் சொன்னான். டிஸ்க் என்றான், தட்டு என்றான், மோட்டார் என்றான். மாதம்மாளுக்கு அதொன்றும் புரியவில்லை. கடைசியில், "போயிருச்சு அத்தே. எல்லாம் போயிருச்சு. எம்மேலதான் தப்பு," என்றான். அது புரிந்தது.

அவர் அழவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ராமப்பன் யாரையோ கன்னடத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, மிசினு போச்சி," என்றார் மாதம்மாள். "நீங்க கேட்டிருப்பீங்க இல்ல? பதினோரு கேசட்டும் உங்க எதிர்லதான ஓடுச்சின்னு ப்ரியா சொன்னா. அவன் என்னா பேசனான்னு நீங்க சொல்லுங்க. அது போதும்."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார், எழுந்து ஊருக்குப் போய்விடுவார் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தான். பதினொரு மணி நேரம் அந்தக் குரல் அவனுக்கு ஒரு கை தூரத்தில் ஓடியது. அந்தப் பதினொரு மணி நேரத்தில் பெட்டி எப்போது எத்தனை வாட் இழுத்தது என்று கேட்டால் இப்போதும் சொல்வான். அன்புமணி பேசியதில் ஒரு சொல் அவனிடம் இல்லை.

சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. அதைவிட, வெறுங்கையோடு அவரை அனுப்ப மனம் வரவில்லை. அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது.

"நீங்க அரிசி புடைச்சுக்கிட்டு இருக்கீங்க அத்தே," என்று ஆரம்பித்தான். படம் அவனுக்கு நினைவிருந்தது. "அன்பு எடுத்துக்கிட்டே கூப்பிடுதான். 'அம்மா, இங்க பாரும்மா. ஒரு தடவ சிரிம்மா'ன்னு."

மாதம்மாள் திரும்பி அவனைப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் ஒரு ஆவல் வந்தது. அது அப்படியே நின்று, பிறகு மெல்ல இறங்கியது.

"அவன் என்ன அம்மான்னு கூப்புட மாட்டான் மாப்ள," என்றார். "அவங்க சித்தப்பனுங்க கூப்புடறதக் கேட்டுக் கேட்டு, பேச்சு வந்த நாள்ல இருந்து அண்ணின்னுதான் கூப்புடுவான்."

கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளை தப்பாகப் படித்ததைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னார். அது மோகன்குமாருக்குத் தெரியாத சங்கதியுமில்லை. அன்புமணி இருந்த ஐந்து வருஷமும் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம், தோப்பிலிருந்து வரும்போதே "அண்ணி, சோறு" என்று அவன் கத்துவதைக் கேட்டிருக்கிறான். பெற்ற தாயை அண்ணி என்கிறானே என்று கேலிகூடச் செய்திருக்கிறான். இல்லாததைச் சொல்லப் போனபோது அது வாயில் வரவில்லை.

"ஆமா அத்தே, அண்ணின்னுதான் சொன்னான். நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்," என்றான்.

"சரிங்க மாப்ள," என்றார் மாதம்மாள். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.